பிரதிக்குப் பிரதியாய் ஒரு சாவி

இம்முறை நூல் எதனைப் பற்றியும் எழுதும் மனநிலையில் நாங்கள் இல்லை. ஒரு சாவியைப் பற்றி எழுதுகிறோம். எழுபது ரூபாய் கொடுத்து வெட்டி வாங்கிய, பார்வைக்குப் புத்தம் புதிதாய்ப் பளபளத்த, வேண்டிய நேரத்தில் திரும்ப மறுத்த பித்தளைச் சாவி. அதில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற ஆண்டு ஐப்பசி வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

நாங்கள் என்பது ஒரே கல்லூரியில் பணிபுரியும் கணவன் மனைவி இருவர். ஒருவர் தமிழ், மற்றவர் இயற்பியல். வசிப்பது மதுரையில். எங்கள் தந்தையார் திண்டுக்கல்லில் தனியே இருக்கிறார். (எங்களுள் ஒருவருக்கு அவர் மாமனார் என்றாலும், இங்கே பொதுவாகத் தந்தையார் என்றே குறிப்பிட்டுவிடுகிறோம்.) எழுபத்தெட்டு வயது. அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று அழைத்து அழைத்து ஓய்ந்துபோனோம். அவருக்கு அந்த வீடு வேண்டும். முன்கூடத்துச் சாய்வு நாற்காலி வேண்டும். மாலையில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஒரு நடை வேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு ஒருமுறை தலைசுற்றல் வந்தது. அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். உள்தாழ்ப்பாள் போடுவதில்லை, தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் மட்டும் போதும். உள்ளிருந்து குமிழைத் திருகினால் திறக்கும், வெளியிலிருந்து சாவி வேண்டும். அந்தச் சாவி ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும். தந்தையார் இதற்கு எளிதில் இசையவில்லை. "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன், ஆளுக்கொரு சாவி வச்சிருக்க?" என்று கேட்டார். அவர் மனம் நோகக் கூடாதென்று அதற்குமேல் பேச்சை வளர்க்காமல், எங்களிடமிருந்த சாவியைக் கொடுத்து இன்னொன்று வெட்டிக்கொண்டோம். அவரிடமிருந்த சாவியைக் கேட்கவில்லை. பிழையின் முதல் விதை அங்கேதான் விழுந்தது.

அந்தப் பூட்டுடன் வந்த சாவிகள் இரண்டு. ஒன்று தந்தையாரின் இடுப்புப் பையில். மற்றது பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு திருமண வீட்டில் தொலைந்துபோயிற்று. எங்கள் கையிலிருந்தது அதன்பின் வெட்டிய நகல். ஆக, அக்காவுக்குக் கொடுத்தது நகலின் நகல்.

வெட்டித் தந்தவர் பேருந்து நிலையத்தருகே குடைநிழலில் அமர்ந்திருக்கும் முதியவர். பலகை நிறைய வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். கையால் இயக்கும் சிறு எந்திரம் ஒன்று, அரங்கள் நாலைந்து. எங்கள் சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் இல்லையா சார்?" என்று கேட்டார். இதுதான் இருக்கிறது என்றோம். வெட்டிக் கொடுத்துவிட்டு, "போய்ப் போட்டுப் பாருங்க. பிடிச்சா கொண்டு வாங்க, தேய்ச்சுத் தர்றேன். அதுக்குக் காசு கிடையாது" என்றார். பிடிக்கத்தான் செய்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தோம். சற்று முரண்டிவிட்டுத் திரும்பியது. புதுச் சாவி அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எங்களுக்கு நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மை.

இவ்விடத்தில் எங்களுள் தமிழ் படித்தவர் ஒரு சிறு குறிப்பைச் செருக அனுமதி கேட்கிறார். சாவி என்பது போர்ச்சுகீசியர் வழி வந்த சொல். மேசை, அலமாரி, சன்னல் ஆகியவற்றின் கூட்டாளி. நமக்குரிய சொல் திறவுகோல். ஆனால் தமிழில் வேறொரு சாவியும் உண்டு. நெல் பால் பிடிக்காமல் பதராகிப் போனால், பயிர் சாவியாகிவிட்டது என்பார்கள் உழவர்கள். வெளித்தோற்றத்தில் கதிர்தான், உள்ளே மணி இராது. நாங்கள் அக்காவிடம் கொடுத்தது முதல் பொருளில் சாவியா, இரண்டாம் பொருளில் சாவியா என்பது பதினான்கு மாதங்கள் தெரியாமலேயே இருந்தது. அவர் அதனைப் பூசையறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்திருந்தார். ஒருமுறையேனும் பூட்டில் நுழைத்துப் பார்க்கும்படி நாங்கள் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் கதவைக் காரணமின்றித் திறந்து பார்க்க அவருக்கும் கூச்சம்.

ஐப்பசி அடைமழை நாள். காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் தொலைபேசியில் அழைத்தோம். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தோம். மூன்றாம் முறையும் எடுக்காதபோது எதிர்வீட்டு அக்காவை அழைத்தோம். அவர் சாவியோடு ஓடினார். ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு.

"சாவி உள்ள போகுதும்மா. திரும்ப மாட்டேங்குது. உள்ள அப்பா சத்தம் கேக்குது. என்னமோ சொல்றாங்க, மழையில வெளங்கலை."

குரல் கேட்கிறது என்பதே அப்போது பெரிய ஆறுதலாயிருந்தது. எங்களுள் இயற்பியல் படித்தவர், வலுவாகத் திருக வேண்டாம், சாவி உள்ளே ஒடிந்துவிடும் என்று கத்தினார். அதற்குள் நாங்கள் பேருந்து நிலையத்தை நோக்கி ஆட்டோவில் ஏறியிருந்தோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். கொடைரோடு வருவதற்குள் அந்தக் கதவின் முன்னால் நடந்தது அனைத்தையும் தொலைபேசி வழியே கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி கடப்பாரையோடு வந்துவிட்டார். உள்ளேயிருந்து சத்தம் இன்னும் பலமாயிற்று. பின்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. ஈரக் கையால் அக்கா சாவியைத் திருகத் திருக, அது எம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் எங்களுள் ஒருவருக்கு நினைவு வந்தது. அந்தக் கதவை நாங்கள் எப்படித் திறக்கிறோம்? கைப்பிடியைப் பற்றிக் கதவை நம் பக்கமாக ஓர் இழுப்பு, சாவியை முழுக்க நுழைத்தபின் ஒரு நூல் அளவு பின்னுக்கு எடுப்பு, பிறகு திருப்பம். ஆண்டுக்கணக்காக இப்படியேதான் திறந்துவந்திருக்கிறோம். ஒருநாளும் அதனை ஒரு செயலாக உணர்ந்ததில்லை. கை அறிந்திருந்தது, நாங்கள் அறிந்திருக்கவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்தோம், கையைக் கொடுக்கவில்லை.

தொலைபேசியில் சொன்னோம். "அக்கா, மொதல்ல சாவியை விட்டுடுங்க. தம்பி, கதவை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. அக்கா, இப்ப சாவியை லேசா வெளிய எடுத்து மெதுவாத் திருப்புங்க. இல்லையா, இன்னும் கொஞ்சம் வெளிய."

நாலாவது முயற்சியில் திறந்தது. அழைத்ததிலிருந்து கணக்கிட்டால் நாற்பது நிமிடம். தந்தையார் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். இடுப்புக்கு ஒன்றுமில்லை என்று பிற்பகல் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். உள்ளேயிருந்து அவர் என்ன கத்தினார் என்பது மருத்துவமனைக் கட்டிலில்தான் தெரிந்தது.

"கடப்பாரை சத்தம் கேட்டுச்சு. கதவை உடைச்சிடாதீங்க, தேக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அதனை அடக்கிக்கொண்டு வேறொன்றும் வந்தது.

அந்த வாரம் முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் விடுப்பெடுத்துத் திண்டுக்கல்லில் தங்கினோம். ஞாயிறன்று இருவரும் அந்தக் கதவின் முன் அமர்ந்தோம். தந்தையார் இடக்கையால் தம் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு எளிதாகக் கொடுத்தார். "அன்னைக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

புதுச் சாவி முரண்டினால் எல்லோரும் சாவியைத்தான் முதலில் குறை கூறுவோம். ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது கதவை. கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். பின்பு மூடி வைத்துத் திருப்ப வேண்டும். திறந்திருக்கையில் எளிதாகத் திரும்பி, மூடியபின் முரண்டினால் குற்றம் சாவியிடம் இல்லை. பூட்டின் நாக்கு, நிலையிலுள்ள தகட்டுத் துளையில் உராய்ந்து நிற்கிறது என்று பொருள். தந்தையாரின் மூலச்சாவியே திறந்த கதவில் வெண்ணெயில் கத்திபோலத் திரும்பியது. மூடிய கதவில் ஓர் இழுப்புக் கேட்டது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருந்தது. மேற்கீலில் திருகாணி ஒன்று தளர்ந்து கதவும் சற்றுத் தொங்கியிருந்தது. ஆக, கதவை இழுக்கும் பழக்கம் அதனால் வந்தது. ஆனால் சாவியை ஒரு நூல் பின்னெடுக்கும் பழக்கம்? அது மூலச்சாவிக்குத் தேவைப்படவே இல்லை.

அதற்கு விடை காணப் பூட்டின் உள்ளமைப்பைச் சற்று அறிய வேண்டும். சாவி நுழையும் உருளைக்குள் வரிசையாக, பெரும்பாலும் ஐந்து, சிறு பித்தளை முளைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கீழ்முளை, மேல்முளை என இரு துண்டு. மேலே ஒரு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால், ஒவ்வொரு முளையும் அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்து, ஐந்தின் இரு துண்டுகளும் சந்திக்கும் இடம் ஒரே கோட்டில் வந்துநிற்கும். அப்போது உருளை சுழலும். ஒரே ஒரு முளை கோட்டைத் தாண்டி நின்றாலும் சுழலாது. முளைகளை உயர்த்தித் திறக்கும் மரப்பூட்டுகள் பண்டை எகிப்திலேயே இருந்தன. இன்று நம் கதவுகளில் இருக்கும் தட்டைச் சாவி வடிவத்தை 1860களில் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல்.

சாவி வெட்டும் எந்திரத்தில் பழைய சாவி ஒரு பக்கமும் வெட்டாத சாவி மறுபக்கமும் கிடுக்கியில் இறுக்கப்படும். பழையதன் மேடுபள்ளங்களைத் தொட்டுச் செல்லும் முனையும், புதியதைச் செதுக்கும் சக்கரமும் ஒன்றாகவே நகரும். இரண்டு சாவிகளின் தோள்களும், அதாவது தலைக்குக் கீழே பூட்டின் முகத்தில் முட்டி நிற்கும் அந்தப் படியும், ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பிசகினால் பள்ளங்கள் அனைத்தும் சரியான ஆழத்தில், ஆனால் தவறான இடத்தில் விழும். ஐந்து அடிகளும் சரியாக இருந்து, அனைத்தும் ஒரு சீர் தள்ளி எழுதப்பட்ட செய்யுளைப்போல.

மூன்று சாவிகளையும் தோள் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எங்கள் நகலின் பள்ளங்கள் தந்தையாரின் சாவியைவிட நுனிப்பக்கமாக ஒரு நூல் தள்ளியிருந்தன. அக்காவின் சாவியில் அந்தப் பிசகு இரட்டித்திருந்தது. ஏடு பார்த்து ஏடெழுதியவர்களின் கதை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஒருவர் கைப்பிழையை அடுத்தவர் பாடமாகக் கொண்டு, தம் பிழையையும் சேர்த்து எழுதுவார், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டியிருந்தது அதனால்தான். இதனை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்பவர், மூலம் ஒன்று வீட்டிலேயே இருக்க, நகலைத் தூக்கிக்கொண்டு குடைநிழலுக்குப் போயிருக்கிறார். மற்றவர் இதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

அக்காவின் சாவியில் வேறொன்றும் இருந்தது. பள்ளங்களின் விளிம்பில் விரலை ஓட்டினால் நெருடியது. வெட்டுச் சக்கரம் விட்டுச்சென்ற பிசிறு. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் நகமோ பஞ்சோ காட்டிக்கொடுக்கும். பஞ்சு சிக்கினால் பிசிறு உண்டு. சாவி உள்ளே போகத் தடுமாறுவதும், போனபின் வெளியே வர மறுப்பதும் பல நேரங்களில் இதனால்தான். மென்மையான அரத்தாலோ நைந்த உப்புத்தாளாலோ இரண்டு இழுப்பில் போய்விடும். வெட்டிய பள்ளங்களுக்குள் அரத்தை ஓட்டலாகாது. விளிம்பை மட்டும் தடவ வேண்டும். பள்ளம் ஆழம் போதாமல் உயர்ந்து நின்றால் கைதேர்ந்தவர் தேய்த்துச் சரிசெய்வார். ஆழம் மிகுந்துவிட்டால் சேர்க்க வழியில்லை. புதிதாக வெட்டுவதே முறை.

ஈரக் கையால் திருகத் திருக ஏன் இறுகியது என்பதும் விளங்கிற்று. முளைகள் கோட்டுக்கு வருமுன்னரே திருகு விசை கொடுத்தால், உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் அவை நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்நிலையில் சாவியை முன்பின் அசைப்பதும் கடினம். விசையைத் தளர்த்தி, சாவியைச் சற்றே ஆட்டி, பிறகு மெல்லத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் இருப்பவரிடம் இதனைச் சொல்லிப் பயனில்லை. எனவே பதற்றம் வருமுன் சரிசெய்துவிட வேண்டும்.

எண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாவி பிடிக்கும்போதெல்லாம் தந்தையார் பூட்டுத் துளையில் தேங்காய் எண்ணெய் விட்டுவந்திருக்கிறார். அன்றைக்கு வழுக்கும்; நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும். மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். சமையலறை எண்ணெய் எதுவும் பூட்டுக்கு ஆகாது. பென்சில் கரியே போதுமானது. சாவியின் இருபுறமும் பென்சிலால் நன்றாகத் தீட்டி, பத்துமுறை நுழைத்து எடுத்தால் கிராஃபைட் தூள் உள்ளே படியும். எங்கள் பூட்டு அந்த நிலையைக் கடந்திருந்தது. தச்சர் வந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி மாட்டினார். கதவின் ஓரத்தைச் சீவிவிடச் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். மழையில் சீவினால் சித்திரையில் மரம் சுருங்கி இடுக்கு விழும் என்றார். கீல் திருகாணியை மாற்றி, நிலைத் தகட்டின் துளையை மட்டும் அரத்தால் சற்று அகட்டிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது, இத்தனை ஆண்டுகளாக.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஆயிற்றே என்று தந்தையார் வருவோர் போவோரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் கதையே வேறு. எங்கள் வீட்டுச் சாமான் அறையில் அவர் தந்தை காலத்து மாங்காய்ப் பூட்டு ஒன்று இன்றும் தொங்குகிறது. முளையில்லை, உள்ளே நெம்புத் தகடுகள். பூட்டைச் செய்த கையே அதன் சாவியையும் அரத்தால் ராவிச் சேர்த்துக் கொடுத்தது. அதற்கு நகல் வேண்டுமென்றால் பூட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தொல்லைக்காகத்தான் முன்கதவிலிருந்து அதனைக் கழற்றினோம் என்று நினைவு.

மறுவாரம் மூலச்சாவியோடு குடைநிழல் பெரியவரிடம் சென்றோம். நடந்ததைச் சொன்னோம். அவர் எதுவும் கூறவில்லை. அக்காவின் சாவியை வாங்கித் தம் தகரப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். புதிதாக இரண்டு வெட்டி, பிசிறு தேய்த்து, ஒவ்வொன்றையும் நகத்தால் வருடிப் பார்த்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம், ஏனெனில் போட்டுப் பார்த்துத் திரும்ப வரச் சொன்னவர் அவர், வராதவர்கள் நாங்கள்.

இம்முறை கதவை மூடிவிட்டு, அக்காவை வெளியே நிற்கவைத்து, அவர் கையாலேயே திறக்கச் சொன்னோம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. இழுப்பும் இல்லை, பின்னெடுப்பும் இல்லை. உள்ளே சாய்வு நாற்காலியில் கட்டுப்போட்ட கையோடு அமர்ந்திருந்த தந்தையார் ஒவ்வொரு முறையும் "யாரது?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். இப்போது மாதப் பிறப்பன்று அக்கா ஒருமுறை திறந்து பார்க்கிறார். காபி குடித்துவிட்டுப் போகிறார்.

கட்டு அவிழ்த்த மறுநாள் தந்தையார் அவரிடம் கேட்டிருக்கிறார்: "உன் மகன் கோயம்புத்தூர்ல இருக்கான். நீயும்தான் தனியா இருக்க. உன் வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" யாரிடமும் இல்லை. அவருடைய சாவியை வாங்கிக்கொண்டு தாமே பேருந்து நிலையம் வரை நடந்து சென்று, வெட்டி வந்து, அக்காவின் கதவில் மூடி வைத்துத் திறந்து பார்த்திருக்கிறார். பிடித்தது. அன்று மாலையே திரும்பக் கொண்டுபோய்த் தேய்த்து வாங்கிவந்தாராம். இரண்டு தடவை நடந்தேன் என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்.